பழைய சிஜே-7க்கு எந்த இன்ஜின்? முதலில் கம்ப்யூட்டரைப் பாருங்கள்

அமெரிக்காவில் 1976 முதல் 1986 வரை வந்த ஜீப் சிஜே-7 வண்டிகளில் மிகப் பரவலாகக் கிடைப்பது, அப்போது ஜீப்பைத் தயாரித்த ஏ.எம்.சி. நிறுவனத்தின் 258 கன அங்குல, அதாவது 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், நீளமானது. குறைந்த ஆர்.பி.எம்.மில் அது இழுக்கும் இழுவையைக் குறை சொல்ல யாராலும் முடியாது. தலைவலி எல்லாம் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் கார்ட்டர் பி.பி.டி. கார்புரேட்டரால்தான். சாலையில் ஒருமாதிரி ஓடும். கலிபோர்னியாவின் ரூபிகான் பாதையின் பாறைகளில் வண்டி ஒருபக்கம் சாய்ந்ததும் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலும் சாயும். மிதவைக்கு எது மட்டம் என்று தெரியாமல் போகும். ஒன்று பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகி இன்ஜின் அணையும், இல்லையென்றால் ஜெட்டுக்குப் பெட்ரோலே போகாமல் அணையும். கொலராடோவின் இமோஜீன் கணவாய் 13,114 அடி உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைப் போல 60 சதவீதம்தான் இருக்கும். கார்புரேட்டரின் ஜெட் ஓட்டைக்கு அது தெரியாது; கீழே ஊற்றிய கணக்கிலேயே மேலேயும் ஊற்றும். கறுப்புப் புகையும் பெட்ரோல் நாற்றமுமாக ஏற வேண்டியதுதான்.

ஆகவே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். இதில் யாருக்கும் சண்டை இல்லை. எந்த வழியில் போவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. பெரும்பாலோர் இன்ஜினிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள்: எத்தனை குதிரைத் திறன், எத்தனை சிலிண்டர், காயலான் கடையில் என்ன விலை. நான் இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்கச் சொல்வேன். இரும்பு இரும்போடு எப்படியாவது பொருந்திவிடும். வெல்டிங் இருக்கிறது, அடாப்டர் இருக்கிறது. கம்ப்யூட்டர் அப்படி இல்லை. தான் பிறந்த வண்டியில் இருந்த சென்சார்கள் எல்லாம் இங்கேயும் இருக்கின்றன என்று நம்பித்தான் அது வேலை செய்யும். ஒன்று குறைந்தாலும் முகத்தைத் தூக்கிக்கொள்ளும். எந்தக் கம்ப்யூட்டர், அதற்கு என்னென்ன சென்சார் வேண்டும், நடுக்காட்டில் நின்றுவிட்டால் கோளாறை அது எப்படிச் சொல்லும் என்பவற்றை முதலில் முடிவு செய்தால், இன்ஜின் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. 258இன் ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். ஆயில் பிரஷர் பாருங்கள். இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் ஒரு வழி, தேய்ந்து போயிருந்தால் வேறு வழி. இதைப் பார்க்காமல் கிட் வாங்குகிறவர்கள், சாகப்போகிற இன்ஜினுக்குப் புது மூளை வாங்கிப் பொருத்துகிறார்கள். பணம் இறுக்கமாக இருந்தால் மோட்டார்கிராஃப்ட் 2100 கார்புரேட்டரைப் போட்டுச் சமாளிப்பவர்களும் உண்டு. பி.பி.டி.யைவிடச் சரிவுகளை நன்றாகத் தாங்கும். ஆனால் உயரத்துக்கு அதனிடமும் மருந்து இல்லை.

இன்ஜின் நல்ல நிலையில் இருக்கிறதா? அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன், சுருக்கமாக டி.பி.ஐ. ஹவெல் நிறுவனத்தின் கிட்தான் இதில் பெயர் பெற்றது. ஜெனரல் மோட்டார்ஸின் 1980களின் த்ராட்டில் பாடி, அதே காலத்து ஜி.எம். கம்ப்யூட்டர், 258க்கு ஏற்ற அடாப்டர், தயாராகக் கட்டிய வயரிங் எல்லாம் அதில் வரும். பி.பி.டி.யைக் கழற்றிய இடத்திலேயே அது உட்காரும். இன்ஜினை இறக்க வேண்டாம், கியர்பாக்ஸைத் தொட வேண்டாம். இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இருப்பதால் மலையேறும்போது பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். மிதவைக் கிண்ணம் என்ற ஒன்றே இல்லாததால் வண்டி எப்படிச் சாய்ந்தாலும் கவலையில்லை. 9 முதல் 13 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் போதும் என்பதால் ஃப்யூயல் லைன் வேலையும் எளிது. 258இன் பெட்ரோல் ஃபில்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் பைப் பல சிஜேக்களில் ஏற்கெனவே இருக்கிறது, அதையே ரிட்டர்ன் லைனாக வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கம்ப்யூட்டரில் எனக்குப் பிடித்த குணம் அதன் வெள்ளந்தித்தனம். 12 ஊசி டயக்னாஸ்டிக் கனெக்டரில் இரண்டு முனைகளை ஒரு கம்பித்துண்டால் இணைத்தால் செக் இன்ஜின் விளக்கு மின்னி மின்னிக் கோளாறு எண்ணைச் சொல்லிவிடும். ஸ்கேனர் வேண்டாம், செல்போன் சிக்னல் வேண்டாம். உதிரிப் பாகங்களும் கஷ்டமில்லை, லட்சக்கணக்கான ஜி.எம். பிக்கப்களில் ஓடியவைதான்.

குறைகளும் உண்டு. அடிப்படை கிட்டில் இக்னிஷன் டைமிங்கைக் கம்ப்யூட்டர் தொடுவதில்லை. பழைய டிஸ்ட்ரிபியூட்டர்தான் பார்த்துக்கொள்ளும். பெட்ரோலும் காற்றும் மேனிஃபோல்டின் நீண்ட குழாய்களில் ஒன்றாகவே பயணம் செய்வதால், 1ஆம் சிலிண்டருக்கும் 6ஆம் சிலிண்டருக்கும் நடுவில் இருப்பவற்றைவிடக் குறைவாகப் போய்ச் சேரும் பழைய குணம் மாறாது. குளிர் நாளில் அந்தப் பெட்ரோல் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மேனிஃபோல்டைச் சூடாக்கும் அமைப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பிறகு வண்டி காலையில் திக்கித் திணறுகிறது என்று புலம்புகிறவர்கள் பலர். குதிரைத் திறனும் பெரிதாக ஏறாது. 258இன் 110 சொச்சம் குதிரைத் திறன் அப்படியேதான் இருக்கும். அது ஒழுங்காகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

இதே 258இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைக்கும், கிரைஸ்லரின் மோப்பார் பிரிவு விற்ற கிட்டும் இருந்தது. அலபாமாவின் ஹெஸ்கோ நிறுவனம் அதோடு தொடர்புடையது. கிராங்க் ஷாஃப்ட் எந்த இடத்தில் சுற்றுகிறது என்று பார்க்கும் கிராங்க் சென்சாரை முன்பக்க பேலன்சரில் வைத்து, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கைத் தொடாமல் வேலையை முடிக்கும் நல்ல யோசனை அதில் இருக்கிறது. கிடைத்தால் நல்லது. ஆனால் அந்தச் செலவுக்குப் பக்கத்திலேயே முழு இன்ஜின் மாற்றமும் வந்துவிடுகிறது.

ஹோலி ஸ்னைப்பர் போன்ற, தானே கற்றுக்கொள்ளும் புதிய த்ராட்டில் பாடிகளைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நிறுவுவது எளிது, கம்ப்யூட்டர் த்ராட்டில் பாடியிலேயே ஒட்டியிருக்கும். எனக்கு உறுத்துவதும் அதுதான். பாறை ஏறும்போது இன்ஜின் அறை சூட்டில் வேகும், காற்றோட்டம் இருக்காது. அந்த இடத்திலா மூளையை வைப்பது? அதோடு 58 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தம் தரும் பம்ப்பும் வேண்டும். சாலையில் ஓடும் பழைய காருக்கு நான் தயங்க மாட்டேன், சிஜேக்குத் தயங்குவேன்.

இன்ஜின் தேய்ந்துபோயிருந்தால் பேச்சே வேறு. அப்போது ஜீப்பின் சொந்த 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின்தான் என் தேர்வு. 1987இல் செரோக்கியில் வந்து, 2006இல் ராங்ளரில் விடைபெற்றது. 258இன் சொந்தக்காரன்தான், ஏ.எம்.சி. ஆறு சிலிண்டர் குடும்பம். பெல் ஹவுசிங் துளைகள் ஒன்றே. 258இன் இன்ஜின் மவுன்ட் பிராக்கெட்டுகள் பெரும்பாலும் அப்படியே மாட்டும். போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 3.875 அங்குலம், ஸ்ட்ரோக் 3.414. 258இன் ஸ்ட்ரோக்கோ 3.895. இதனால் 1,000 ஆர்.பி.எம்.மில் பாறையில் ஊர்ந்து போகும்போது 258இன் கை ஓங்கியிருக்கும், நெடுஞ்சாலையில் 4.0 எங்கோ போய்விடும். 1991க்குப் பிறகான செரோக்கியில் அது 190 குதிரைத் திறன், ராங்ளரில் 180.

ஆனால் 4.0 என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அதன் கம்ப்யூட்டரைப் பொறுத்து மூன்று தலைமுறைகள் உண்டு. பலர் வழுக்குவது இங்கேதான்.

1987 முதல் 1990 வரை ரெனிக்ஸ். ரெனோவும் பெண்டிக்ஸும் சேர்ந்து செய்தது. இன்ஜின் தட்டுகிறதா என்று கேட்கும் நாக் சென்சார்கூட வைத்திருந்த, அந்தக் காலத்துக்கு மீறிய கருவி. ஆனால் கோளாறு எண்களைச் சேமிக்காது, செக் இன்ஜின் விளக்கே கிடையாது. அதோடு பேச அந்தக் காலத்து ஸ்கேனரும் அதற்குரிய கார்ட்ரிட்ஜும் வேண்டும். எர்த் ஒயர் கொஞ்சம் துருப்பிடித்தாலும் சென்சார் அளவுகள் எல்லாம் தாறுமாறாகும். முதல் இரண்டு ஆண்டு செரோக்கிகளில் இன்ஜின் வயரிங்கும் உள்ளே போகும் வயரிங்கும் சேரும் சி101 கனெக்டர் கெட்ட பெயர் எடுத்தது. இலவசமாகவே வந்தாலும் யோசித்துத்தான் எடுப்பேன்.

1991 முதல் 1995 வரையிலான ஹை அவுட்புட், அதாவது எச்.ஓ. இதில் கிரைஸ்லர் கம்ப்யூட்டர். 60 ஊசிகள் கொண்ட ஒரே கனெக்டர். சிலிண்டர் ஹெட்டின் இன்டேக் துளைகள் மேலே ஏற்றப்பட்டு, காற்று நேராகப் போக வழி செய்யப்பட்டது. புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். கிடையாது. சாவியை ஐந்து விநாடிக்குள் ஆன், ஆஃப், ஆன், ஆஃப், ஆன் என்று திருப்பினால் விளக்கு மின்னிக் கோளாறு எண் சொல்லும். சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆக விடாத இம்மொபிலைசர் இல்லை. வயரிங்கைப் பிரித்துப் பார்த்தால் கட்டாயம் தேவைப்படும் இணைப்புகள் மிகச் சில: பேட்டரியிலிருந்து நேர் மின்சாரம், சாவி வழி மின்சாரம், செல்ஃப் அடிக்கும்போது வரும் சிக்னல், ஆட்டோ ஷட்டவுன் ரிலே, பம்ப் ரிலே, நல்ல எர்த். மற்றதெல்லாம் இன்ஜினோடு ஒட்டிய சென்சார் ஒயர்கள்.

1996 முதல் ஓ.பி.டி.-2, எல்லா வண்டிகளுக்கும் பொதுவான கோளாறு அறியும் முறை. எந்த மலிவு ஸ்கேனரும் பேசும், நிறைய விவரம் சொல்லும். அதற்கு விலையாக அதிக சென்சார் கேட்கும்: கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று பார்க்கும் அமைப்பு. அவற்றைக் கொடுக்காவிட்டால் விளக்கு அணையாது. கடைசி ஆண்டு மாடல்கள் சிலவற்றில் இம்மொபிலைசரும் சேர்ந்தது. 2000, 2001 இன்ஜின்களில் 0331 என்று வார்ப்பு எண் பொறித்த ஹெட் இருந்தால் நடு சிலிண்டர்களுக்கு இடையில் விரிசல் விழும் என்று பெயர் எடுத்திருக்கிறது. வாங்கும் முன் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

என் வோட்டு நடுத் தலைமுறைக்கு. அதிலும் மேனுவல் கியர் வைத்த ராங்ளர் கிடைத்தால் இன்னும் நல்லது. காரணம் பெல் ஹவுசிங்கில் இருக்கிறது. 4.0இன் கிராங்க் பொசிஷன் சென்சார் பெல் ஹவுசிங்கின் மேல் துளை வழியாக ஃப்ளைவீலை எட்டிப் பார்க்கும். ஃப்ளைவீலின் விளிம்பில் நான்கு நான்காக மூன்று தொகுதிப் பள்ளங்கள், 120 டிகிரி இடைவெளியில் வெட்டியிருக்கும். அவற்றைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடும். 258இன் ஃப்ளைவீலில் இந்தப் பள்ளங்கள் இல்லை, சிஜேயின் பெல் ஹவுசிங்கில் அந்தத் துளையும் இல்லை. ரெனிக்ஸின் ஃப்ளைவீல் பள்ளங்கள் வேறு கணக்கு. மாற்றிப் போட்டால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், தீப்பொறி வராது. ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து இன்ஜின் எடுத்தால் ஃப்ளைவீலே இருக்காது, மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட்தான் இருக்கும். மேனுவல் வண்டி என்றால் ஃப்ளைவீல், கிளட்ச், துளை போட்ட பெல் ஹவுசிங், ஏ.எக்ஸ்.-15 கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே மூட்டையாக வந்துவிடும். அந்த கியர்பாக்ஸை சிஜேயின் டானா 300 டிரான்ஸ்ஃபர் கேஸோடு (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) சேர்க்க அடாப்டர் வேண்டும். வேண்டாம் என்றால் பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டு, அதன் பெல் ஹவுசிங்கில் சென்சாருக்கு இடம் வெட்டிக்கொள்ளலாம். அந்த வெட்டில் இடமும் ஆழமும் துல்லியமாக வர வேண்டும்.

இன்னும் சில சிக்கல்கள். 4.0இன் ஒற்றை பெல்ட் அமைப்பில் வாட்டர் பம்ப் பழைய 258க்கு எதிர்த்திசையில் சுற்றும். பம்ப்பையும் ஃபேனையும் ஜோடியாகவே எடுக்க வேண்டும். பழைய ஃபேனைப் புதிய பம்ப்பில் மாட்டினால் காற்றை ரேடியேட்டர் பக்கமே தள்ளும், வண்டி கொதிக்கும். செரோக்கியில் ஃபேன் பம்ப்பின் மேல் இருக்காது, பக்கத்தில் தனிப் புல்லியில் சுற்றும். ராங்ளரில் பம்ப்பின் மேலேயே இருப்பதால் சிஜேயின் ரேடியேட்டருக்கு அதுதான் ஒத்துவரும். 1991 முதல் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. ஆகவே 4.0இன் ஆல்டர்னேட்டரை சிஜேயின் பழைய ஒயரில் மட்டும் இணைத்தால் சார்ஜ் ஏறாது. கம்ப்யூட்டரிலிருந்து ஃபீல்ட் ஒயரும் வர வேண்டும்.

வேக சென்சாரை விட்டுவிட்டு வண்டியை ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஓடும். சிக்னலில் பிரேக் பிடித்து நிற்கப் போகும்போது அணைந்து போகும். வண்டி நிற்கிறதா, உருள்கிறதா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாததுதான் காரணம். ஸ்பீடோமீட்டர் கேபிளின் வழியில் மாட்டும் சென்சார் விற்கிறது. முதலிலேயே போட்டுவிடுங்கள்.

பெட்ரோல் பக்கம்தான் டி.பி.ஐ.க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். நடுத் தலைமுறை 4.0க்கு, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் மேனிஃபோல்டின் வேக்குவம் குழாய் மாட்டியிருக்கும்போது 31, கழற்றினால் 39 பி.எஸ்.ஐ. வேண்டும். 1997க்குப் பிந்தைய ராங்ளர்களில் ரிட்டர்ன் இல்லாமல் 49. 4.0 பிளாக்கில் பழைய மெக்கானிக்கல் பம்ப்புக்கு இடமே இல்லை. சேஸிஸில் மாட்டும் எலக்ட்ரிக் பம்ப் மலிவு, ஆனால் அது பெட்ரோலைத் தள்ளுவதில் கெட்டிக்காரன், உறிஞ்சுவதில் சோம்பேறி. சிஜேயின் பழைய டேங்கில் தடுப்பு இல்லாததால் கால் டேங்க் பெட்ரோலோடு செங்குத்தாக ஏறும்போது பம்ப் காற்றை உறிஞ்சும். கார்புரேட்டரில் அணைந்ததுபோலவே மறுபடி அணையும். இத்தனை செலவும் வீண். டேங்குக்கு உள்ளேயே பம்ப் இருக்கும் ராங்ளர் டேங்கைப் பொருத்துவது கூடுதல் வேலை, ஆனால் சரியான வேலை. பட்ஜெட் போடும்போது இன்ஜின் விலைக்கு அடுத்த வரியில் இதை எழுதுங்கள்.

ஜி.எம். 5.3 லிட்டர் வி8 பற்றிக் கேட்காதவர் இல்லை. 1999 முதல் பிக்கப்களில் வந்தது, அப்போதே 270 குதிரைத் திறன். காயலான் கடையில் மலையாய்க் கிடக்கிறது, கம்ப்யூட்டரை லேப்டாப்பில் திருத்த மென்பொருள் இருக்கிறது, அடாப்டர் இருக்கிறது. இடமும் போதும், 1981 வரை தொழிற்சாலையே சிஜே-7இல் 304 வி8 போட்டது. கேள்வி இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிறது. 1982க்குப் பிறகு வந்த டி-5 கியர்பாக்ஸ் இந்த முறுக்கைத் தாங்காது. பின் ஆக்ஸிலான ஏ.எம்.சி. 20இல் ஷாஃப்டும் ஹப்பும் தனித்தனித் துண்டுகள். பெரிய டயரும் பெரிய இன்ஜினும் சேர்ந்தால் அந்த இணைப்பு வழுக்கும். கியர்பாக்ஸ், ஆக்ஸில், பிரேக் என்று வரிசையாக மாற்றப் பணம் இருக்கிறவர் தாராளமாகச் செய்யலாம். அது இன்ஜின் மாற்றம் இல்லை, வண்டி கட்டுவது. குட்டையான 4.3 வி6 நடுவழி. அதன் பழைய டி.பி.ஐ. வடிவம் எளிது. ஆனால் அடாப்டரும் புது மவுன்ட்டும் போட்ட பிறகு 4.0ஐவிட எதில் மேல் என்று எனக்கு விளங்கவில்லை.

இனிக் காகிதம். கலிபோர்னியாவில் 1975ஆம் ஆண்டு மாடலுக்கும் அதற்கு முந்தைய பெட்ரோல் வண்டிகளுக்கும் புகைச் சோதனையிலிருந்து விலக்கு. சிஜே-7 பிறந்தது 1976 மாடலாக. ஒரே ஓர் ஆண்டு வித்தியாசத்தில் விலக்கைத் தவறவிட்ட வண்டி, ஒன்றுகூடத் தப்பாது. இன்ஜின் மாற்றினால் வண்டியை, இப்படி மாற்றிய வண்டிகளைப் பரிசோதிக்கும் அரசின் ரெஃப்ரி மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். புது இன்ஜின் வண்டியின் ஆண்டினதாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். அது வந்த வண்டியில் இருந்த கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி கேனிஸ்டர் எல்லாம் கூடவே வர வேண்டும். 1996க்குப் பிந்தைய இன்ஜின் என்றால் ஓ.பி.டி.-2 முழுதும் வேலை செய்து காட்ட வேண்டும். நடுத் தலைமுறை 4.0 எளிது என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். டி.பி.ஐ. வழியில் போகிறவர்களுக்கு, ஹவெல் கிட்டின் ஒரு வடிவத்துக்குக் கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் அனுமதி எண் உண்டு. வாங்கும்போது அந்த வடிவம்தானா என்று கேட்டு வாங்குங்கள். மற்ற மாநிலங்களில் விதி வேறு, சில இடங்களில் விதியே இல்லை.

இந்தியாவில் இருந்துகொண்டு வீட்டில் நிற்கும் பழைய ஜீப்பைப் பார்க்கிறவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வருவது நல்லது.

ஆக, கம்ப்ரஷன் நன்றாக இருந்து, வண்டி பெரும்பாலும் பாறையிலும் மலையிலும்தான் ஓடும் என்றால் டி.பி.ஐ. கிட்டோடு நிறுத்திக்கொள்வேன். 258இன் அடி இழுவையை விட்டுக்கொடுக்க மனம் வராது. இன்ஜின் போய்விட்டது, அல்லது வார இறுதிப் பாதைக்கே நெடுஞ்சாலையில் பல மணி நேரம் ஓட்டித்தான் போக வேண்டும் என்றால் 1991–95 ராங்ளர் ஒன்றை முழுசாக வாங்குவேன். உடைந்த பாடி, நசுங்கிய கதவு எதுவானாலும் பரவாயில்லை, ஆனால் இன்ஜின் ஓடுகிற வண்டியாக இருக்க வேண்டும். வாங்கியதும் பிரிக்க மாட்டேன். முதலில் ஓட்டிப் பார்த்து, கோளாறு எண் ஏதும் இல்லை என்று உறுதி செய்து, ஒவ்வொரு கனெக்டருக்கும் சீட்டு ஒட்டிய பிறகுதான் ஒரு போல்ட்டைக் கழற்றுவேன். ஒயர்களை வெட்டாமல் முழு ஹார்னஸாக உருவ வேண்டும். இன்ஜின் மட்டும் தனியாக, வயரிங் வேறு கடையில், கம்ப்யூட்டர் வேறு ஆளிடம் என்று சேர்த்தால் ஆண்டு மாறி, கியர் வகை மாறி, எந்தப் பாகம் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கவே மாதங்கள் ஓடும்.

கழற்றிய 258ஐக் காயலான் கடைக்குப் போடும் முன் கிராங்க் ஷாஃப்டை மட்டும் எடுத்து எண்ணெய் தடவி வையுங்கள். 4.0 பிளாக்கில் அந்த நீண்ட ஸ்ட்ரோக் கிராங்க்கை வைத்தால் 4.5 லிட்டர் வரும், போரைக் கொஞ்சம் பெரிதாக்கினால் 4.6. 4.0 ஓவர்ஹாலுக்கு வரும் நாளில் பழைய அடி இழுவையையும் அதற்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம்.